ஆம்பைத் திருகும் முன்: எலெக்ட்ரிக் கிடார் டோனில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டோன், அதாவது ஒலியின் குணம், சரியில்லை என்றதும் கை நேராக ஒலியைப் பெருக்கும் ஆம்பின் குமிழ்களுக்குத்தான் போகிறது. திருகிப் பார்த்தும் சரிவரவில்லை என்றால் ஒலியை மாற்றும் புதுப் பெடல் வாங்கும் யோசனை வந்துவிடும். கம்பியிலேயே தொலைந்துபோன சத்தத்தை ஸ்பீக்கரில் தேடி என்ன பயன்? கம்பி, அதன் அதிர்வைப் பிடிக்கும் காந்தச் சுருளான பிக்கப், கேபிள், அப்புறம்தான் ஆம்ப் என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டு வாருங்கள்.

மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும் வேலூரில் விரல் வியர்க்காமல் வாசிக்க முடியாது. துடைக்காமல் வைத்தால் கம்பி சீக்கிரம் கறுத்து, ஒலி மழுங்கிவிடும். அதை ட்ரெபிள் (கூர்மையான மேல் ஒலி) ஏற்றிச் சமாளிக்கப் பார்த்தால் இரைச்சல்தான் ஏறும். கிடாரைப் பூட்டிய காரில் விட்டுவிட்டுக் கோட்டையைச் சுற்றப் போவதும் வேண்டாம். அந்தச் சூட்டில் கழுத்து வளையும், பசை இளகும்.

புதுக் கம்பி மாட்டியதும் இன்டோனேஷன் (கழுத்து நெடுக சுரம் சரியாக நிற்பது) பாருங்கள். 12வது ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே உள்ள உலோகக் கோடு) கம்பியை லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கும் அழுத்தி வாசிக்கும் சுரமும் ட்யூனரில் ஒன்றாக நிற்க வேண்டும். அழுத்தும்போது சுரம் ஏறினால் கம்பியின் அடிமுனையைத் தாங்கும் சேடிலைப் பின்னால் தள்ளுங்கள், இறங்கினால் முன்னால் கொண்டுவாருங்கள். கார்டு பிடித்தால் ஏதோ கசக்கிறது என்பவர்களில் பாதிப் பேருக்கு மருந்து இதுதான் என்பது என் எண்ணம்.

சத்தம் கூடட்டும் என்று பிக்கப்பைக் கம்பிக்கு மிக அருகே உயர்த்துவது இன்னொரு தவறு. காந்தம் கம்பியை இழுத்துப் பிடிக்கும், சுரம் நீளாமல் சீக்கிரம் அடங்கும். சிங்கிள் காயில் என்ற ஒற்றைச் சுருள் பிக்கப்பில் தடிமனான கம்பியை மேல் ஃப்ரெட்டில் வாசித்தால் ஒரே சுரம் இரண்டாகப் பிரிந்து நடுங்குவது போலக் கேட்கும். கடைசி ஃப்ரெட்டை அழுத்திக்கொண்டு அளந்தால், மெல்லிய கம்பிப் பக்கம் சுமார் 2 மில்லிமீட்டர், தடித்த பக்கம் 2.5 இடைவெளி நல்ல தொடக்கம். அங்கிருந்து காதை நம்பி ஏற்றி இறக்குங்கள். ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும், காசு செலவில்லை.

கேபிள் நீளமாக நீளமாக ட்ரெபிள் குறையும். 5, 6 மீட்டரே தாராளம்.

நம் ஊரில் அதிகம் காதில் விழும் கோளாறு வேறு. குடியாத்தம் பக்கத்து அம்மன் திருவிழாக் கச்சேரி, காட்பாடி சர்ச் ஆராதனை, கல்லூரி விழா என எங்கே போனாலும் மேடையில் கிடார் ஆம்ப் இருக்கும் என்று சொல்ல முடியாது. கிடாரை நேராக மிக்ஸரில் செருகிவிடுகிறார்கள். சாதாரண பிக்கப்புக்கு 10 லட்சம் ஓம் அளவு மின்தடை உள்ள இன்புட் வேண்டும். மிக்ஸரின் லைன் இன்புட்டில் அது மிகக் குறைவு. அதனால் ஒலி செத்துப்போகிறது. நடுவில், கிடார் சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றும் டிஐ பாக்ஸோ, ஆம்ப், பெடல் ஒலிகளைத் தானே உருவாக்கும் ப்ராசஸரோ கட்டாயம்.

ப்ராசஸர் இருந்தாலும், ஸ்பீக்கர் பெட்டியின் ஒலியைப் போலச் செய்யும் கேப் சிமுலேஷனை மறந்துவிடுகிறார்கள். மிக்ஸருக்குப் போகும்போது அதை அணைத்து வைத்தால் டிஸ்டார்ஷன் (கரகரப்பான ஒலி) கொசு ரீங்காரம்தான். கிடார் ஆம்பில் செருகும்போது அதையே ஆன் செய்து வைத்தால், ஏற்கெனவே ஒரு ஸ்பீக்கர் இருக்கும் இடத்தில் இன்னொன்றையும் போட்டது போலாகி ஒலி போர்வைக்குள் போய்விடும். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்பார்கள். இங்கே கூடம் நிஜமாகவே கோணல்தான், பாவம் கிடாரிஸ்ட் திட்டு வாங்குகிறார்.

'ஹூம்' இரைச்சல் வந்தால் முதலில் நின்ற இடத்திலேயே திரும்பிப் பாருங்கள். சத்தம் ஏறி இறங்கினால், பக்கத்து டிரான்ஸ்ஃபார்மரையோ ட்யூப் லைட் சோக்கையோ சிங்கிள் காயில் பிடிக்கிறது. தள்ளி நின்றாலே குறையும். இரைச்சலை நிறுத்த மூன்று முள் ப்ளக்கின் எர்த் முள்ளை வெட்டிவிடும் வழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம், உயிருக்கு ஆபத்து. கம்பியில் கை இருக்கும்போது மைக் உதட்டில் சுருக்கென்று அடித்தால் வாசிப்பதை நிறுத்திவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

கடைசியாக ஆம்ப். மெல்லிய சத்தத்தில் அடி ஒலியான பாஸும் ட்ரெபிளும் காதுக்குக் குறைவாகத்தான் எட்டும். அதனால் வீட்டில் இரண்டையும் ஏற்றி, நடு ஒலியான மிட்டைக் குறைத்தால் பிரமாதமாக இருக்கும். அதே செட்டிங்கை மேடைக்குக் கொண்டுபோனால் பாஸ் கிடாரும் சிம்பலும் சேர்ந்து விழுங்கிவிடும். மேடையில் மிட்டை ஏற்றி, கரகரப்பைக் கூட்டும் கெயினைப் பாதியாக்குங்கள். ஆம்பைத் தரையில் வைத்தால் ட்ரெபிள் உங்கள் முழங்காலுக்குத்தான் கேட்கும். காதைப் பார்க்கும்படி சாய்த்து வைத்துவிட்டு அப்புறம் திருகுங்கள்.