கதையைப் படித்தபின் என்ன சொல்வது, கேட்டபின் என்ன செய்வது?

பாம்பனில் ஒரு நண்பர் வீட்டு மொட்டைமாடியில் மாதம் ஒருமுறை கூடுகிறோம். ஏழெட்டுப் பேர். ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிற அண்ணன், இரண்டு கல்லூரி மாணவிகள், கீழக்கரையிலிருந்து பஸ் பிடித்து வரும், நாங்கள் லாத்தா என்று கூப்பிடும் அக்கா, பள்ளிக்கூட வாத்தியார், நான், இன்னும் ஓரிருவர். ஒருவர் தன் கதையை வாசிப்பார்; மற்றவர்கள் கருத்துச் சொல்வோம். நன்றாக எழுதிக்கொண்டிருந்த ஒரு தம்பி, ஒரே ஒரு சாயங்காலம் கேட்ட பேச்சோடு வருவதை நிறுத்திவிட்டான். அன்று பேசியவர்களில் நானும் உண்டு. அதற்குப் பிறகுதான் எங்கெங்கே தவறுகிறோம் என்று கவனிக்க ஆரம்பித்தேன்.

எல்லோரும் செய்வது, "நல்லாயிருக்கு" என்று சொல்லி முடித்துக்கொள்வது. அதை வைத்துக்கொண்டு எழுதியவர் ஒரு வரியைக்கூடத் திருத்த முடியாது. "மனசுல ஒட்டல" என்பதும் அப்படித்தான். படிக்கும்போது எந்த இடத்தில் உங்களுக்கு என்ன ஆயிற்று என்று சொல்லுங்கள். "பாட்டி சங்கு விக்கிற இடம் வரைக்கும் கண்ணு முன்னாடி தெரிஞ்சுது. பேரன் வந்தப்புறம் யாரு பேசுறாங்கன்னு தெரியாம ரெண்டு தடவ திருப்பிப் படிச்சேன்." இவ்வளவு போதும். எழுதியவர் அந்தப் பக்கத்தைத் தானாகவே எடுத்துப் பார்ப்பார்.

சொல்ல வார்த்தை கிடைக்கவில்லை என்பவர்கள் நன்னூல் பாயிரத்தைப் புரட்டலாம். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நூலுக்குப் பத்துக் குற்றமும் பத்து அழகும் எண்ணி வைத்திருக்கிறார். எடுத்த பொருளை விட்டு வேறொன்றை நீட்டிக்கொண்டு போவது மற்றொன்று விரித்தல். போகப்போக நடை தேய்ந்து போவது சென்று தேய்ந்து இறுதல். எங்கள் மாடியில் வாசிக்கப்படும் கதைகளில் பாதி இந்த இரண்டில் ஒன்றில் மாட்டிக்கொள்ளும், என் கதைகளையும் சேர்த்துத்தான். குற்றத்துக்குப் பத்துப் பெயர் வைத்தவர் அழகுக்கும் பத்துப் பெயர் வைத்தார் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. பிடித்ததையும் அதே துல்லியத்தோடு சொல்லாவிட்டால், எதைக் காப்பாற்ற வேண்டும் என்று தெரியாமல் எழுதியவர் நல்ல பத்தியையே வெட்டிவிடுவார்.

முதல் வரைவில் ஒற்றுப்பிழை பார்க்காதீர்கள். நாளைக்கு அந்தப் பக்கமே இல்லாமல் போகலாம்.

அடுத்தது, கேட்காமலே தீர்ப்புச் சொல்வது. ஒரு மாணவி எழுதிய கதை மே மாதத்தில் நடக்கிறது. அப்பா விசைப்படகில் கடலுக்குப் போகிறார். பாதி வாசிக்கும்போதே வாத்தியார் குறுக்கே வந்தார்: "மே மாசம் தடைக்காலம்மா. எந்தப் போட்டு போகும்? கடக்கரையில இருந்துக்கிட்டு இது தெரியாம எழுதலாமா?" அவள் அதோடு தாளை மடித்துவிட்டாள். கூட்டம் கலையும்போது லாத்தாவிடம் மட்டும் மெதுவாகச் சொன்னாள்: "இது தொண்ணூத்தாறுல நடக்குற கதை, லாத்தா."

இப்போது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. ஆனால் இந்த மீன்பிடித் தடைக்காலமே 2001இல் வந்ததுதான். முதலில் 45 நாளாக இருந்து, 2017இல்தான் 61 ஆனது. அவள் எழுதியது சரி. வாத்தியாருக்குத் தோன்றிய சந்தேகமும் சரிதான், ஏனென்றால் கதையில் வருடம் தெரிகிற மாதிரி ஒரு அடையாளமும் இல்லை. "இது எந்த வருசம்மா?" என்று கேட்டிருந்தால் இரண்டும் ஒரே நிமிடத்தில் வெளியே வந்திருக்கும்.

உண்மையிலேயே தகவல் பிழை இருந்தால் சொல்லத்தான் வேண்டும். ஒரு கதையில் நாயகி 1972இல் தனுஷ்கோடி ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கினாள். 1964 டிசம்பர் புயலில் அந்தத் தண்டவாளம் போனது போனதுதான். அதற்குப் பிறகு தனுஷ்கோடிக்கு ரயில் இல்லை. இதைச் சொல்லாமல் விட்டால் வெளியே ஒரு வாசகர் சொல்லுவார், அப்போது இன்னும் வலிக்கும். ஆனால் பிழையைச் சொன்னதும் நிறுத்திக்கொள்ளுங்கள். அவளை ராமேஸ்வரத்தில் இறக்குவதா, வருடத்தைப் புயலுக்கு முன்னால் கொண்டுபோவதா என்பது எழுதுகிறவர் முடிவு. "நானா இருந்தா..." என்று தொடங்குகிற நொடியில் நீங்கள் அவர் கதையை விட்டுவிட்டு உங்கள் கதையை எழுதத் தொடங்கிவிடுகிறீர்கள்.

எனக்குக் கோபம் வருகிற தவறு ஒன்று உண்டு. ஊர்ச் சொல்லைப் பிழை என்று திருத்துவது. கச்சான் அடிக்கிறது என்று எழுதினால் "மேற்குக் காற்றுனு போடுங்க, எல்லாருக்கும் புரியும்" என்கிறார்கள். கச்சான், கொண்டல், வாடை எல்லாம் காற்றின் திசையை மட்டும் சொல்வதில்லை. எந்தப் பருவம், கடல் எப்படிக் கிடக்கும், இன்று போகலாமா வேண்டாமா என்பதெல்லாம் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. வெளியூர் வாசகருக்குப் புரியவில்லை என்றால், "இந்த இடத்துல எனக்குப் புரியல" என்று சொல்லலாம். அடுத்த வரியில் காற்று என்ன செய்கிறது என்று காட்டி எழுதியவர் புரியவைப்பார். சொல்லைப் பிடுங்க வேண்டியதில்லை.

பரிதாபமும் விமர்சனமாகாது. அம்மா கடல்பாசி எடுக்கப் போவதைப் பற்றி ஒரு பெண் எழுதியிருந்தாள். விரலில் துணி சுற்றுவது, மூச்சடக்கி முங்குவது, பாறை கீறியதை வீட்டில் மறைப்பது. வாசித்து முடித்ததும் ஆளாளுக்கு அம்மாவின் கஷ்டத்தைப் பேசினோம். கதையின் நடுவில் காலம் குழம்புவதை ஒருவரும் சொல்லவில்லை. அன்று அவள் எழுத்தை நாங்கள் எழுத்தாகவே மதிக்கவில்லை என்று பிறகுதான் உறைத்தது.

இனி, கேட்டுக்கொள்பவர் பக்கம். மற்றவர்கள் பேசும்போதே "இல்லண்ணே, அது ஏன்னா..." என்று விளக்கம் கொடுப்பதுதான் முதல் சிக்கல். கதையை மதுரையில் ஒருவர் படிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து விளக்க உங்களால் முடியாது. நீங்கள் வாயால் சொல்கிற விளக்கம் தாளில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு எல்லோரும் முடிக்கும்வரை இருங்கள். கொடுப்பதற்கு முன்பே உங்களுக்கு எது வேண்டும் என்று சொல்லிவிடுவது இன்னும் நல்லது: "முடிவு சரியா விழுதான்னு மட்டும் பாருங்க."

சொன்னதையெல்லாம் அன்று ராத்திரியே திருத்த உட்காராதீர்கள். ஐந்து பேருக்கும் பிடித்தபடி மாற்றிய கதை கடைசியில் உங்களுடையதாகவே இருக்காது. நான் பார்ப்பது ஒன்றைத்தான். இரண்டு மூன்று பேர் ஒரே இடத்தில் தடுக்கியிருந்தால் அங்கே ஏதோ இருக்கிறது. அவர்கள் சொல்லும் மருந்து ஆளுக்கொன்றாக இருக்கும். மருந்தை விட்டுவிட்டு இடத்தைப் பிடித்துக்கொள்ளலாம்.

நன்னூல் மாணாக்கர்களைத் தரம் பிரிக்கும்போது கடைசி வரிசையில் நெய்யரியைச் சொல்கிறது. நெய்யரி என்பது நம் பனைமரத்துப் பன்னாடைதான். நெய்யைக் கீழே விட்டுவிட்டு கசடை மட்டும் பிடித்து வைத்துக்கொள்ளும். பத்து நிமிடம் பேசியதில் சுருக்கென்று விழுந்த ஒரு சொல்லை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். வராமல் போன அந்தத் தம்பியும் அப்படித்தான் கொண்டுபோயிருப்பான். அவன் கதையில் எனக்குப் பிடித்திருந்த இரண்டு இடங்களை நான் அன்று சொல்லவே இல்லை. அதனால் அவனைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

மே மாதக் கதையை அந்த மாணவி இரண்டு மாதம் கழித்துத் திருத்திக் கொண்டுவந்தாள். வருடத்தை எங்கேயும் எழுதவில்லை. அப்பா விடியற்காலையில் இறங்கிப் போகிற சந்தில், சுவரில் வெயிலுக்கு மங்கிய, மூப்பனார் கட்சியின் சைக்கிள் சின்னம், பக்கத்தில் உதயசூரியன் என்று ஒரு வரி சேர்த்திருந்தாள். வாத்தியார் கையைத் தூக்கி அவளை நிறுத்தினார்.

"தொண்ணூத்தாறு எலெக்சனா?"

"ஆமா சார்."

"படிம்மா, படி."