கலப்பு வயது மழலையர் பள்ளியில் கைக்குழந்தையைச் சேர்ப்பது எப்படி?

மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகள் ஒன்றாக இருக்கும் இடத்தில் கைக்குழந்தையையும் சேர்க்கப் போகிறீர்கள் என்றால், தொட்டிலை எங்கே போடுவது என்றுதான் முதலில் யோசிப்போம். அது அரை நாள் வேலை. பிள்ளையை விட்டுவிட்டுப் போகும் அம்மா அப்பாவுக்கு நம்மேல் நம்பிக்கை வரத்தான் நாள் பிடிக்கும். அதனால் அங்கிருந்தே தொடங்குவோம்.

படி 1: குடும்பத்தோடு உட்கார்ந்து பேசுங்கள்

படிவத்தை நீட்டி நிரப்பச் சொன்னால் போதாது. தோளில் போட்டுத் தூங்க வைக்கிறார்களா, மடியிலா? பசி வந்தால் குழந்தை எப்படிக் காட்டும்? வீட்டில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்? எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். கடைசியாக, "உங்களுக்கு எதை நினைத்தால் கவலையாக இருக்கிறது?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, உடனே சமாதானம் சொல்லத் தொடங்காமல் காது கொடுங்கள்.

படி 2: ஒரே ஆளைப் பொறுப்பாக்குங்கள்

ஊட்டுவது, டயப்பர் மாற்றுவது, தூங்க வைப்பது மூன்றையும் முடிந்தவரை ஒரே ஆசிரியர் செய்யட்டும். ஹங்கேரியக் குழந்தை மருத்துவர் எம்மி பிக்ளர் 1946இல் புடாபெஸ்டில் தொடங்கிய குழந்தைகள் இல்லத்தில் இந்த வேலைகளை அவசரமாக முடிக்காமல், குழந்தையோடு பேசிக்கொண்டே செய்தார்கள். "இப்போ உன்னைத் தூக்கப் போறேன்" என்று சொல்லி, கையை நீட்டி, அது உடம்பைத் தயாராக்கும்வரை ஒரு நொடி நில்லுங்கள்.

படி 3: மெதுவாகப் பழக்குங்கள்

ஜெர்மனியில் பரவலாக இருக்கும் பெர்லின் முறை புதியவர்களுக்கு எளிது. முதல் மூன்று நாள் பெற்றோரில் ஒருவர் குழந்தையோடு ஒரு மணி நேரம் போல இருந்துவிட்டுத் திரும்புவார், பிரிவே கிடையாது. நான்காம் நாள் அவர் சொல்லிக்கொண்டு சற்று வெளியே போவார். அழுகை அடங்காவிட்டால் இரண்டு மூன்று நிமிடத்தில் அவரைக் கூப்பிட்டுவிட வேண்டும். அமைதியாக இருந்தால்கூட அரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். பழகியபின் நேரத்தைக் கூட்டலாம்.

குழந்தை விளையாடும்போது நைசாக நழுவிப் போகச் சொல்லாதீர்கள். சுமார் எட்டு மாதத்தில் பிரிவுப் பயம் தலைதூக்கும். சொல்லாமல் போனால், அடுத்த நாள் அம்மாவின் சேலையை விடவே விடாது. முத்தம் கொடுத்து, "அம்மா போயிட்டு வரேன்" என்று சொல்லி, கிளம்பிவிட வேண்டும். வாசலில் நின்று திரும்பித் திரும்பிப் பார்த்தால் இருவருக்குமே கஷ்டம். அழுகை ஓய்ந்ததும் ஒரு படம் அனுப்புங்கள். அது வரும்வரை அந்த அம்மாவுக்கு வேலையே ஓடாது.

படி 4: பெரிய பிள்ளைகளைத் தயார்படுத்துங்கள்

"தொடாதே" என்று மட்டும் சொன்னால் ஆசைதான் கூடும். பாதத்தைத் தொடலாம், முகத்தைத் தொட வேண்டாம், தூக்குவது பெரியவர்கள் மட்டும் என்று தெளிவாகச் சொல்லுங்கள். அப்புறம் உண்மையான வேலை கொடுங்கள்: துண்டு எடுத்துவருவது, பாட்டுப் பாடுவது, தரையில் கிடக்கும் மணிகளைப் பொறுக்குவது. இதுவரை எல்லோருக்கும் கடைக்குட்டியாக இருந்த பிள்ளை திடீரென்று விரல் சூப்ப ஆரம்பிக்கலாம். கண்டிக்காதீர்கள், அவளுக்கும் மடியில் இடம் கொடுங்கள்.

படி 5: பாதுகாப்பு

டாய்லெட் பேப்பர் சுற்றிவரும் அட்டைக் குழாய்க்குள் நுழையும் எதுவும் குழந்தைக்கு எட்டக் கூடாது. பெரிய பிள்ளைகளின் கைவேலைச் சாமான்களை மேசைக்கு மேலே ஏற்றிவிடுங்கள். ஒரு வயது வரை மல்லாக்கப் படுக்க வையுங்கள். மெத்தை கெட்டியாக இருக்கட்டும், தலையணையும் பொம்மையும் வேண்டாம். தேன் கொடுக்கவே கூடாது. பாலை மைக்ரோவேவில் சுட வைக்காதீர்கள், சில இடங்களில் மட்டும் கொதித்து வாயைச் சுட்டுவிடும்.

படி 6: மாலையில் ஒப்படைக்கும்போது

"நல்லா இருந்தான்" என்பது போதாது. எத்தனை மணிக்குத் தூங்கினான், எவ்வளவு குடித்தான், எதைப் பார்த்துச் சிரித்தான் என்று சொல்லுங்கள். காய்ச்சலோ விடுமுறையோ வந்து இடைவெளி விழுந்தால், திரும்பி வரும் முதல் ஓரிரு நாள் நேரத்தைக் குறைத்து, பெற்றோரையும் சற்று நேரம் உடன் இருக்கச் சொல்லுங்கள்.