விறாந்தைச் செடிகளில் இலைப்புள்ளி

மருந்து வாங்க முதல், ஈரத்துணியில் ஒரு துளி வினாகிரி விட்டு இலையைத் துடைத்துப் பாருங்கள். அழிந்துபோகும் வெள்ளைப் புள்ளி பெரும்பாலும் நோயல்ல. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் கிணற்றுநீர் காய்ந்த தடம்.

அழியாவிட்டால் இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். எண்ணெய் பட்ட கடதாசிபோல ஓரம் கசிந்து, சுற்றி மஞ்சள் வளையம் இருந்தால் பெரும்பாலும் பக்டீரியா. காய்ந்த மண்ணிறப் புள்ளிக்குள் வளையங்களும் ஊசிமுனையளவு கறுப்புக் குற்றுகளும் தெரிந்தால் பங்கசு. யன்னல் பக்க இலைகளில் மட்டும் வெளிறிய திட்டென்றால் வெயில் சுட்டது; சாடியை நகர்த்தினால் சரி.

புள்ளி விழுந்த இலையைக் காம்போடு வெட்டுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் இடையில் கத்தரிக்கோலை 70% அற்ககோலால் துடைக்கவேணும்; இதை விட்டுவிட்டுத்தான் பலர் நோயைச் சாடிக்குச் சாடி காவுகிறார்கள். தண்ணீர் காலையில், மண்ணுக்கு மட்டும். ஐப்பசி, கார்த்திகை மாரியில் சாடிகளுக்கிடையே ஒரு சாணாவது இடைவெளி விடுங்கள்.

புது இலையிலும் புள்ளி வந்தால் மட்டும் செப்புப் பங்கசுநாசினி: லேபிளில் உள்ள அளவில், வெயில் ஏற முதல், இலையின் அடிப்புறமும் நனைய. அந்தூரியத்தில் பக்டீரியா தண்டுக்குள் இறங்கினால் மருந்தில்லை, மண்ணோடு அகற்றுங்கள். பழைய புள்ளி எதற்கும் மறையாது. புதுத் தளிரைப் பார்த்தே குணத்தைக் கணியுங்கள்.