இடிஞ்ச கோட்டையில ஒரு ஜப்பான்காரன் காலத்துக் காதல் கதை, எப்படி எழுதறது?

மலேசியாவுல, பட்டர்வொர்த்துல ஒரு தங்கச்சி மூணு அத்தியாயம் எழுதி எனக்கு அனுப்பிச்சு, "அக்கா, போர் நடக்குது, பாழடைஞ்ச கோட்டை, அதுக்குள்ள ஒரு காதல், படிச்சுப் பாத்து சொல்லுங்க"ன்னு. எழுத்து நல்லாவே இருந்துச்சு, ஆனா கோட்டை ஸ்காட்லாந்துல இருந்துச்சு, வெளிய பனி கொட்டுது, உள்ள கணப்பு எரியுது, அந்தப் பனி கால்ல எப்படி ஒட்டும்னு அதுக்கும் தெரியாது எனக்கும் தெரியாது. நான் ஒண்ணுதான் சொன்னேன், நீ இருக்கற எடத்துல ரயில் ஏறி பத்து காஜாவுல எறங்கும்மா, நம்ம ஆளுங்க கட்டுன கோட்டை ஒண்ணு அங்க பாதியில நிக்குது, அதுல இருந்து ஆரம்பி. அதுக்கப்புறம் போன்ல ரொம்ப நேரம் பேசுனோம், அத இங்க எழுதி வைக்கறேன், இதே ஆசை இருக்கறவங்களுக்கு உதவட்டும்.

மொதல்ல கோட்டை. பத்து காஜாவுல நிக்கற அந்த கெல்லிஸ் காசல் தெரியாதவங்க நம்மள்ல கொறைவு, ஸ்கூல் டிரிப்புல போயிருப்போம், பேய் கதை கேட்டிருப்போம். ஆனா கதை எழுதப் போறவங்க பேய விட்டுட்டு கணக்குப் பிள்ளை மாதிரி பாக்கணும். வில்லியம் கெல்லி ஸ்மித்னு ஒரு ஸ்காட்லாந்து தோட்டத் துரை, ரப்பர்ல சம்பாதிச்சவரு, 1915ல இந்தப் பெரிய மாளிகைய ஆரம்பிச்சாரு. மெட்ராஸ்ல இருந்து வேலைக்காரங்கள வரவழைச்சாரு. ஆறு மாடி கோபுரம், அதுக்குள்ள லிஃப்டு வைக்க எடம் விட்டுக் கட்டியிருக்காங்க. நடுவுல கொள்ளை நோய் வந்து வேலைக்காரங்க செத்தாங்க, மாரியம்மனுக்குக் கோயில் கட்டணும்னு கேட்டாங்க, துரையும் கட்டிக் குடுத்தாரு, அந்தக் கோயில் பக்கத்துலயே இன்னும் இருக்கு, மேல சாமி சிலைங்களோட சேத்து துரைக்கும் ஒரு சிலை வச்சிருக்காங்க. 1926ல அவரு லிஸ்பன்ல எறந்துட்டாரு, வேலை அப்படியே நின்னு போச்சு. போர் வந்தப்ப அந்த மாதிரி கட்டடம் ஏற்கனவே பதினஞ்சு வருஷம் காடு மூடிக் கெடந்த கட்டடம், இத ஞாபகம் வச்சுக்குங்க, குண்டு போட்டு இடிஞ்சதுன்னு எழுத வேண்டியதே இல்ல, முடியாமலே இடிய ஆரம்பிச்ச கோட்டை அது.

ஆனா நாவல்ல நேரா கெல்லிஸ் காசல வைக்காதீங்க, இது என் கருத்து. நெஜ எடத்த வச்சா நடக்காதது ஒண்ண அங்க நடந்ததா எழுத வேண்டி வரும், ஒவ்வொரு வரிக்கும் மனசு உறுத்தும். கிந்தா பக்கமோ செபராங் பிறை பக்கமோ ஒரு தோட்டத்துக்கு நீங்களே பேரு வைங்க, ஒரு துரைய உருவாக்குங்க, அந்த செங்கல்லு, அந்த வளைவு ஜன்னல், மாடிக்கு மேல இருக்கற மொட்ட முற்றம், பாதியில நிக்கற படிக்கட்டு எல்லாத்தையும் கடன் வாங்கிக்குங்க. போறப்ப அளந்து பாருங்க, கோபுரத்துல நின்னா எவ்வளவு தூரம் தெரியுது, கீழ ரோட்டுல லாரி வந்தா சத்தம் கேக்குமா, மழை பேஞ்சா எந்த மூலையில ஒழுகும். இதுதான் பின்னாடி கதைய ஓட்டும்.

அடுத்தது ரொம்ப முக்கியம், கோட்டைக்கு ஒரு வேலை குடுங்க. நெலா வெளிச்சத்துல அழகா நிக்கறதுக்கு மட்டும் கோட்டைன்னா அது சினிமா செட்டு. ஏன் இவங்க ரெண்டு பேரும் அங்க போகணும், வேற எடத்துல ஏன் முடியாது? தங்கச்சிக்கு நான் சொன்ன வழி இது. கதாநாயகன் ரப்பர் பால் வெட்டற தொழிலாளி, சயாமுக்கு, அதான் இன்னைக்குத் தாய்லாந்துக்கு, ஜப்பான்காரன் ரயில் பாதை போட ஆள் புடிக்க வராங்கன்னு தெரிஞ்சு ஓடி ஒளியறான், ஒளிய எடம் அந்த முடியாத கோபுரம். கதாநாயகியோட அப்பா அந்தக் கோட்டைக்கு செங்கல் அடுக்குனவரு, எந்தப் படி எங்க போய் நிக்கும், எந்தச் சுவத்துக்குப் பின்னாடி எடம் விட்டிருக்காங்கன்னு அப்பா சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். இப்ப பாருங்க, கோட்டை, போர், காதல் மூணும் ஒரே முடிச்சாயிடுச்சு. துரைக்காகக் கட்டுன வீடு, அதுல துரை ஒரு நாள் கூட குடியிருக்கல, கட்டுனவன் மகதான் அதுக்குள்ள வாழறா. இத நீங்க வாயால சொல்ல வேணாம், படிக்கறவங்களே புரிஞ்சுக்குவாங்க.

இங்க வயசுக் கணக்கு பாக்கணும். தங்கச்சி மொதல்ல கதாநாயகிக்கு இருபத்தஞ்சு வயசுன்னு போட்டுச்சு. 1943ல தோட்டத்துப் பொண்ணு இருபத்தஞ்சு வயசு வரைக்கும் கல்யாணம் ஆகாம இருந்தா லயத்துல, அதான் தோட்டத்து வரிசை வீடுங்கள்ல, எல்லாரும் ஏன்னு கேப்பாங்க, அதுக்கு ஒரு காரணம் சொல்லணும். கோட்டை வேலை 1926ல நிக்குதுன்னா பொண்ணு 1925ல பொறக்கட்டும், 1943ல பதினெட்டு, சரியா வருது. இந்த மாதிரி ஒரு தாள்ல எல்லாரோட பொறந்த வருஷத்தையும் எழுதி சுவத்துல ஒட்டிக்குங்க.

தேதிங்க. போர்க்காலக் காதல்ல காதலர்கள பிரிக்கறதுக்கு வில்லன் வேணாம், தேதியே போதும். 1941 டிசம்பர் 8, கோத்தா பாருவுல ஜப்பான்காரன் எறங்கறான். டிசம்பர் 11 காலையில பினாங்கு மேல குண்டு, ஜார்ஜ் டவுன்ல ஜனங்க பிளேன் வேடிக்கை பாக்க ரோட்டுல நின்னாங்க, நம்ம பிளேன்னு நெனச்சவங்களும் உண்டு, அப்படி நின்னபடியே செத்தாங்க. ஒரு வாரத்துக்குள்ள வெள்ளக்காரங்க ராத்திரியோட ராத்திரியா கப்பல் ஏறிப் போயிட்டாங்க, உள்ளூர் ஜனங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லல. 19ஆம் தேதி ஜப்பான்காரன் தீவுக்குள்ள வந்துட்டான். வருஷக் கடைசியில கம்பார்ல சண்டை, 1942 ஜனவரி 11 கோலாலம்பூர் விழுது, பிப்ரவரி 15 சிங்கப்பூர்.

நடுவுல அந்த ரெண்டு மூணு நாள் பினாங்குல யாருமே ஆளல. அப்ப ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ பத்திரிகை ஆசிரியரா இருந்த மாணிக்கசோதி சரவணமுத்து, இலங்கைத் தமிழரு, உள்ளூர்ப் பெரியவங்களச் சேத்து ஒரு கமிட்டி அமைச்சு, கார்ன்வாலிஸ் கோட்டையில பறந்த பிரிட்டிஷ் கொடிய எறக்கச் செஞ்சாரு, ரேடியோவுல இந்த ஊர்ல இனிமே ராணுவம் இல்ல, குண்டு போடாதீங்கன்னு சொல்ல வச்சாரு. எஸ்பிளனேட்ல பாசெம்பூர் சாப்பிட்டுட்டு அந்தக் கோட்டை சுவத்துல சாஞ்சு எத்தன சாயங்காலம் உக்காந்திருக்கோம், இந்த விஷயம் நம்ம பிள்ளைங்களுக்குத் தெரியாதுன்னு நெனச்சா எனக்கு வருத்தமா இருக்கு. சண்டையே பாக்காத கோட்டைன்னு சொல்லுவாங்க, ஆனா அதோட பெரிய நாள் ஒரு தமிழர் அங்க கொடி எறக்குன நாள்தான்னு எனக்குத் தோணுது. உங்க கதை பினாங்குல ஆரம்பிச்சா இந்த ரெண்டு நாள விட்டுடாதீங்க.

அப்புறம் தோட்டம். ரப்பர் வாங்க ஆள் இல்ல, பால் வெட்டு நின்னு போச்சு, பெரட்டுக்கு, அதான் காலையில ஆள் கணக்கு எடுக்கற எடத்துக்கு, போனா வேலை இல்லங்கறாங்க. அதனாலதான் சயாம் வேலைன்னு சொன்னதும் மொதல்ல கொஞ்ச பேரு தானாவே போனாங்க, சம்பளம் கெடைக்கும் அரிசி கெடைக்கும்னு, போனவங்க திரும்பலன்னு தெரிஞ்சப்புறம் புடிச்சுக்கிட்டுப் போக வேண்டி வந்துச்சு. 415 கிலோமீட்டர் பாதை, 1943 அக்டோபர்ல முடிஞ்சுது, காலராவுலயும் மலேரியாவுலயும் செத்த தமிழங்களுக்கு சரியான கணக்குப் புத்தகம் கூட வைக்கல. அதே 1943 அக்டோபர்ல சிங்கப்பூர்ல நேதாஜி சுதந்திர இந்திய அரசாங்கத்த அறிவிக்கறாரு, கேப்டன் லட்சுமி தலைமையில ஜான்சி ராணி படையோட முகாம் தொடங்குது, அதுல சேந்த பொண்ணுங்கள்ல நெறைய பேரு நம்ம தோட்டத்துப் பொண்ணுங்க. இந்த ரெண்டும் ஒரே மாசத்துல வருதுன்னு பாத்தப்ப எனக்கு கையெல்லாம் சிலிர்த்துச்சு. அவன் சயாமுக்குப் புடிபட்டுப் போயிட்டான், பாதை முடிஞ்சுதுன்னு சேதி வருது ஆனா அவன் வரல, அந்த மாசம் துப்பாக்கி தூக்க பொண்ணுங்க வேணும்னு கூட்டத்துல பேசறாங்க. அவ போவாளா மாட்டாளா? அத நீங்க முடிவு பண்ணுங்க, ஆனா போனா தேசத்துக்காக மட்டும் போறதா எழுதாதீங்க, லயத்த விட்டு வெளிய வர அவளுக்குக் கெடச்ச மொதல் கதவு அதுதான்.

பசிய எழுதத் தெரியாதவங்க ஜப்பான்காரன் காலத்த எழுத முடியாது. எங்க பாட்டி தொண்ணூறுகள்ல கூட தீக்குச்சிய பிளேடால ரெண்டா பிளந்துதான் வைப்பாங்க, ஏன் பாட்டின்னு கேட்டா பதில் சொல்ல மாட்டாங்க. அரிசி இல்ல, மரவள்ளிக்கிழங்கு, சக்கரவள்ளி, கீரை. துணி இல்ல, சாக்கக் கட்டிக்கிட்டாங்க. காசு இருந்துச்சு, ஜப்பான்காரன் அடிச்ச வாழமர நோட்டு, பத்து வெள்ளி நோட்டுல வாழமரம் போட்டிருக்கும், கடைசியில கட்டுக் கட்டாக் குடுத்தாலும் ஒண்ணும் வாங்க முடியல. காதல் காட்சிய இதுல இருந்து எடுங்க. கோபுரத்துல ஒளிஞ்சிருக்கறவனுக்கு அவ தெனமும் உப்பில்லாத வேகவச்ச கிழங்கு கொண்டு போறா, ஒரு நாள் மட்டும் முந்தானை முடிச்சுல ஒரு சிட்டிகை உப்பு. அவன் சாப்பிடறான், நிறுத்தறான், அவள பாக்கறான். அவ்வளவுதான், அதுக்கு மேல ஒரு வரி எழுதுனாலும் கெட்டுப் போகும்.

ஐ லவ் யூன்னு யாரும் சொல்லக் கூடாது, தயவு செஞ்சு. மொறை இருந்தா மாமான்னு கூப்பிடுவா, மொறை இல்லன்னா பேரும் சொல்ல மாட்டா, மொறையும் சொல்ல மாட்டா, "இந்தாங்க"ன்னுதான் ஆரம்பிப்பா, அவன் "ஏ புள்ள"ம்பான். எந்த நாள்ல "இந்தாங்க" மாறி "மாமா" ஆகுதோ அதுதான் உங்க நாவலோட நடு அத்தியாயம். கடுதாசி எழுதற காட்சியும் யோசிச்சு வைங்க, அந்தப் பொண்ணுக்கு எழுதப் படிக்கத் தெரியுமா? தெரியலன்னா இன்னும் நல்லது, ஜன்னல் ஓரத்துல ஒரு செங்கல்ல நகத்தி வச்சா வரலாம், உள்ள தள்ளி வச்சா ஆபத்து, அப்பா அடுக்குன அதே செங்கல்லு.

பேச்சுல கவனம். தண்டல், கிராணி, கங்காணி, தொர, லயம், பெரட்டு, ஒட்டுப்பால், இந்த வார்த்தைங்க தானா வரணும், அதுக்கு விளக்கம் எழுதாதீங்க, நம்ம வாசகருக்குத் தெரியும். ஜப்பான் சிப்பாய்ங்கள ஒரே அச்சுல வார்க்காதீங்க, குனிஞ்சு வணங்கலன்னா கன்னத்துல அறையறவனும் இருக்கட்டும், ஊர் ஞாபகத்துல கொழந்தைய பாத்து சிரிக்கறவனும் இருக்கட்டும், பயம் அப்பதான் கூடும்.

தகவலுக்கு சிங்கப்பூர் தேசிய நூலகத்தோட பழைய பத்திரிகைங்க இணையத்துல இலவசமா இருக்கு, கோலாலம்பூர் அர்க்கிப் நெகாராவுல, அதான் தேசிய ஆவணக் காப்பகத்துல, கேட்டா கோப்புங்க காட்டுவாங்க. ஆனா அதுக்கு முன்னாடி உங்க வீட்டுல, கோயில்ல, தாமான்ல இருக்கற தொண்ணூறு வயசுக்காரங்ககிட்ட போங்க, இன்னும் கொஞ்ச பேருதான் இருக்காங்க. போர் எப்படி இருந்துச்சுன்னு கேக்காதீங்க, அதுக்கு ரொம்ப கஷ்டம்னு ஒரே பதில்தான் வரும். சோப்புக்கு என்ன செஞ்சீங்க, வெளக்குக்கு என்ன ஊத்துனீங்க, தீபாவளிக்கு என்ன பலகாரம்னு கேளுங்க, பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டாங்க. போன்ல ரெக்கார்ட் பண்ண அனுமதி கேட்டுக்குங்க.

முடிவு. 1945 ஆகஸ்ட் 15 ஜப்பான் சரண், பினாங்குக்கு பிரிட்டிஷ்காரன் திரும்ப வந்தது செப்டம்பர் 3, நடுவுல ரெண்டு வாரத்துக்கு மேல யாரு ஆட்சின்னே தெரியாது. சரண்னு சேதி வந்த அன்னைக்கே அவன் கோட்டை வாசல்ல வந்து நிக்கற மாதிரி எழுதிடாதீங்க. சயாம்ல உயிரோட இருந்தவங்க முகாம்லயே கெடந்து மாசக்கணக்குல கொஞ்சம் கொஞ்சமாத்தான் ஊர் வந்து சேந்தாங்க, பெத்தவங்களுக்கே அடையாளம் தெரியாம. வருவானா இல்லையாங்கறத தங்கச்சி இன்னும் எனக்குச் சொல்லல.

ஒரு விஷயம் விட்டுப் போச்சு, கடிகாரம். ஜப்பான்காரன் வந்ததும் மலாயா முழுக்க தோக்கியோ நேரத்துக்கு மாத்திட்டான், கடிகாரம் ஒன்றரை மணி நேரம் முன்னால போச்சு, காலையில எட்டு மணி வாக்குலதான் விடியும், ராத்திரி எட்டு மணிக்கும் வெளிச்சம் இருக்கும். சாயங்காலம் ஏழு மணிக்கு கோபுரத்துல சந்திச்சாங்கன்னா அது நல்ல வெளிச்சத்துல நடந்த சந்திப்பு. அதனால நீங்க கோட்டைக்குப் போறப்ப சாயங்கால வெயில் அந்த வளைவு ஜன்னல விட்டு எத்தன மணிக்கு எறங்குதுன்னு கடிகாரம் பாத்து எழுதிக்குங்க. இப்ப நம்ம கடிகாரம் போருக்கு முன்னாடி இருந்த நேரத்த விட அரை மணி முன்னால ஓடுது, அதனால ஜப்பான்காரன் கால அத்தியாயத்துக்கு அதுல ஒரு மணி நேரம் கூட்டிக்கணும், அவன் போனப்புறம் பழைய நேரம் வந்துடுச்சு, கடைசி அத்தியாயத்துக்கு அரை மணி நேரம் கழிச்சுக்கணும்.