விமான இருக்கையில் லெப்டொப்புக்கு கரண்ட் எடுப்பது எப்படி?

கட்டுநாயக்கவிலிருந்து லண்டனுக்கு நேரே பறந்தாலே பதினொரு மணித்தியாலம் அளவில் ஆகும். ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்திலிருந்து புறப்படுகிறவர்களுக்கு அதற்கு முன்பே வேனில் நாலைந்து மணித்தியாலம் போய்விடும். இவ்வளவு நேரம் தாங்கும் லெப்டொப் பற்றரி அபூர்வம். முதல் தடவை போகிறவர்கள் "என்ன ப்ளக் கொண்டுபோகணும்?" என்றுதான் கேட்கிறார்கள். ப்ளக் இரண்டாவது விஷயம். முதலில் பார்க்கவேண்டியது வொட், அதாவது சார்ஜர் எவ்வளவு மின்சாரம் இழுக்கும் என்ற அளவு.

1. சார்ஜரைத் திருப்பிப் பாருங்கள்

பொடி எழுத்தில் இரண்டு வரி இருக்கும். 'இன்புட்' வரியில் 100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று இருந்தால் கவலையில்லை. நம் வீடுகளில் வருவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். விமான இருக்கையில் பெரும்பாலும் 110 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இரண்டையும் அந்த சார்ஜரே சமாளித்துக்கொள்ளும். கடைக்காரர் கனமான ட்ரான்ஸ்ஃபோமர் ஒன்றை எடுத்து நீட்டினால், வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

அடுத்து 'அவுட்புட்' வரி. வோல்ட்டை அம்பியரால் பெருக்குங்கள். 20 வோல்ட், 2.25 அம்பியர் என்றால் 45 வொட். 20 வோல்ட், 3.25 அம்பியர் என்றால் 65 வொட். இருக்கைக்கு ஒதுக்கும் மின்சாரம் பல விமானங்களில் 75 வொட் அளவுதான், சிலவற்றில் கொஞ்சம் கூட. ஆகவே சாதாரண லெப்டொப் தப்பித்துவிடும். கேம் விளையாடும் பெரிய லெப்டொப்பின் சார்ஜர் 150, 230 வொட் என்று போகும், அதுதான் சிக்கல். வீட்டில் ஒரே லைனில் அளவுக்கு மேல் சாமான்களைச் சேர்த்துப் போட்டால் ப்ரேக்கர் விழுகிற மாதிரி, இருக்கை தானாகவே கரண்டை நிறுத்திவிடும்.

2. ப்ளக்

விமானத்து சொக்கெட்டில் தட்டைப் பின் இரண்டு உள்ள ப்ளக்கும் மெல்லிய உருண்டைப் பின் ப்ளக்கும் பெரும்பாலும் போகும். நம் 13 அம்பியர் சதுரப் பின்னும் பல விமானங்களில் போகும். பழைய வீடுகளில் இருக்கும் தடித்த உருண்டைப் பின்னை நம்பிப் போகாதீர்கள். பலர் பாவித்துப் பாவித்து சொக்கெட் தளர்ந்திருக்கும் என்பதால், கனமான அடப்டர் தன் பாரத்திலேயே கழன்று விழும். தட்டைப் பின் உள்ள சின்ன அடப்டர் ஒன்று கைப்பையில் இருந்தால் போதும்.

3. புறப்படும் முன் முழு சார்ஜ்

இதுதான் முக்கியம். பற்றரி காலியாக இருந்தால் லெப்டொப் ஓடுவதற்கும் பற்றரியை நிரப்புவதற்கும் சேர்த்து மின்சாரம் இழுக்கும். நிரம்பியிருந்தால் ஓடுவதற்கு மட்டும்தான். எழுதுவது, வாசிப்பது போன்ற வேலைக்கு அது மிகக் குறைவு. பெரிய லெப்டொப்கூட இப்படி இருக்கை மின்சாரத்தில் ஓடிவிடலாம். ஜூன், ஜூலை காற்றில் மரக்கிளை விழுந்து நம் பக்கம் லைன் அறுவது புதிதல்ல. அதனால் புறப்படும் இரவுக்கென்று விடாமல் பகலிலேயே ஏற்றிவிடுங்கள்.

பவர் பேங்க் இருந்தால் கைப்பையில்தான் வைக்கவேண்டும், பெட்டியில் போடக்கூடாது. 100 வொட் அவர் (பற்றரி கொள்ளும் மின்சாரத்தின் அளவு) வரை பொதுவாக அனுமதி உண்டு. 20,000 மில்லி அம்பியர் அவர் பேங்க் வழக்கமாக 74 வொட் அவர்தான். ஆனால் சிங்கப்பூர் எயார்லைன்ஸ் 2025 ஏப்ரல் முதலும் எமிரேட்ஸ் 2025 ஒக்டோபர் முதலும் பறக்கும்போது அதைப் பாவிக்க விடுவதில்லை.

4. இருக்கையில் அமர்ந்தபின்

சொக்கெட் இரண்டு இருக்கைகளுக்கு நடுவே கீழே இருக்கும், அல்லது முன்னிருக்கையின் திரைக்குக் கீழே. கால்களுக்கிடையே தடவித் தேடவேண்டி வரலாம். பக்கத்திலிருப்பவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தேடுங்கள். மூன்று பேருக்கு இரண்டு சொக்கெட்தான் என்பதும் நடக்கும். மேலே ஏறி பெல்ட் விளக்கு அணைந்தபின் செருகுங்கள். பல விமானங்களில் கரண்ட் இருந்தால் சின்னப் பச்சை விளக்கு எரியும்.

திரைக்குப் பக்கத்திலுள்ள சாதாரண யூஎஸ்பி துவாரம் போனுக்குத்தான், லெப்டொப்புக்குப் போதாது. புதிய இருக்கைகள் சிலவற்றில் டைப்-சி இருக்கும். உங்கள் லெப்டொப் டைப்-சியில் ஏறுமென்றால் அந்த வயரையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

5. கரண்ட் நின்றுவிட்டால்

ப்ளக்கைக் கழற்றி சில நிமிடம் விடுங்கள். லெப்டொப்பை முழுதாக அணைத்துவிட்டு மறுபடி செருகி, அப்படியே சார்ஜ் ஏறவிடுங்கள். அப்புறம் திரை வெளிச்சத்தைக் குறைத்து, பற்றரி சேவரைப் போட்டுவிட்டு வேலையைத் தொடங்கலாம். அதற்கும் சரிவரவில்லையா? பணிப்பெண்ணிடம் கேளுங்கள், பல விமானங்களில் அவர்கள் பக்கமிருந்தே திரும்பப் போட்டுவிட முடியும்.

இறங்கத் தொடங்கும்போது கழற்றிவிடுங்கள். சின்ன அடப்டர் சொக்கெட்டிலேயே நின்றுவிடும், அதையும் பிடுங்கி எடுங்கள். லண்டனில் நம் 13 அம்பியர் ப்ளக்கே செல்லும். மெல்பேர்ன் போகிறவர்களுக்கு அங்குள்ள சாய்ந்த தட்டைப் பின்னுக்கு வேறு அடப்டர் வேண்டும்.