பவளமல்லி நடுவது எப்படி? (இலை கொட்டினால் பிடுங்காதீர்கள்!)

கடலூர், புதுச்சேரிப் பக்கம் வீட்டில் ஒரே ஒரு பூச்செடிக்குத்தான் இடம் என்றால் நான் பவளமல்லியைத்தான் சொல்வேன். நம் நாட்டுச் செடி. பூ இருட்டும்போது விரிந்து, விடியும்போது தானாக உதிர்ந்துவிடும். பறிக்கிற வேலை கிடையாது, அடியில் ஒரு பழைய வேட்டியை விரித்தால் போதும்.

அரை நாளாவது வெயில் படும் இடமாகப் பாருங்கள். கேப்பர் மலை, கோரிமேடு மாதிரி செம்மண் என்றால் ஒன்றரை அடிக் குழி வெட்டி, மக்கிய சாணி எருவை மண்ணோடு கலந்து நட்டுவிடலாம். களிமண் மனைக்காரர்கள் குழியில் மணலைக் கொட்டாதீர்கள். ஐப்பசி மழையில் சுற்றியுள்ள தண்ணீரெல்லாம் அதில்தான் இறங்கித் தேங்கும். அரை அடி உயரத்துக்கு மேடு கட்டி அதன்மேல் நடுங்கள்.

கன்று நர்சரியிலேயே கிடைக்கும். விதையிலிருந்து வளர்க்க ஆசை என்றால் காய்ந்து பழுப்பான தட்டைக் காய்களை எடுங்கள். ஒரு காயில் இரண்டு விதை. பழைய விதை வேண்டாம். ஆடி, ஆவணியில் நட்டால் பெருமழைக்கு முன் வேர் பிடித்துவிடும்.

இனிதான் முக்கியமான கட்டம். மாசி, பங்குனியில் இலை பழுத்துக் கொட்டி, வெறும் குச்சி நிற்கும். "செத்துப்போச்சா?" என்று பதறி தினமும் இரண்டு குடம் ஊற்றுவார்கள், உரமும் போடுவார்கள். உண்மையில் செடி சாவது அப்போதுதான். இலையில்லாத செடி தண்ணீரை அதிகம் இழுக்காது. தேங்கும் ஈரத்தில் வேர் அழுகிவிடும். குச்சியை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சையா? சரி, உயிரோடு இருக்கிறது. வாரம் ஒருமுறை தண்ணீர் போதும். தொட்டிச் செடிக்கு மட்டும் விரலை மண்ணில் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் ஊற்றுங்கள். துளிர் வந்தபிறகு எரு வைக்கலாம்.

கவாத்துக்கும் (கிளைகளை வெட்டிவிடுவதற்கும்) இந்த இலையில்லாத சமயம்தான் நேரம், ஏனென்றால் பூ புதுக் கிளையில்தான் வரும். நெஞ்சு உயரத்துக்கு வெட்டிவிடுங்கள். 2011 டிசம்பரில் தானே புயல் நம் ஊர் மரங்களைச் சாய்த்ததைப் பார்த்தவர்களுக்கு, செடியை ஏன் குள்ளமாக வைக்கச் சொல்கிறேன் என்று புரியும். அருவாள் வேண்டாம், பட்டை கிழிகிறது. கத்தரி மாதிரி இரண்டு அலகும் ஒன்றையொன்று தாண்டிப் போகும் கட்டர்தான் நல்லது.

பிறகு சேர்த்தது: தேவனாம்பட்டினத்திலிருந்து ஒருவர் இலை நுனி கருகுகிறது என்று கேட்டிருந்தார். கடலோரம் என்பதால் முதலில் போர் தண்ணீரின் உப்பைத்தான் சந்தேகிப்பேன். கொஞ்ச நாள் குழாய்த் தண்ணீரோ பிடித்து வைத்த மழைநீரோ ஊற்றிப் பாருங்கள். இன்னொருவருக்குக் கம்பளிப்பூச்சித் தொல்லை. தண்டில் கூட்டமாக அப்பியிருக்கும்போது நீளமான குச்சியால் சோப்புத் தண்ணீர் வாளியில் தள்ளிவிடுங்கள், வெறுங்கையால் தொடாதீர்கள். குழந்தைகள் விளையாடும் மூலையிலும் இந்தச் செடி வேண்டாம்.