காசாவிலிருந்து மணாலிக்கு ஒரு பகல் பைக் பயணம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிட்டிப் பள்ளத்தாக்கில் இருக்கிறது காசா. அங்கிருந்து மணாலி ஏறத்தாழ 200 கிலோமீட்டர். சென்னையிலிருந்து விழுப்புரம் தாண்டிக் கொஞ்சம் போனால் முடிந்துவிடும் தூரம். ஆனால் இங்கே விடியலில் கிளம்பினால் பொழுது சாயும்போதுதான் மணாலி. நடுவில் 4,500 மீட்டருக்கு மேல் நிற்கும் குன்சும் கணவாய். அதை இறங்கியதும், சந்திரா நதி மலையை அறுத்துக்கொண்டு ஓடும் இடுக்குக்குள் பாதலிலிருந்து கிராம்ஃபூ வரை சுமார் 50 கிலோமீட்டர் கல்லும் சேறும். அதன் குறுக்கே பனி உருகி இறங்கும் ஓடைகள். அங்கே எல்லோரும் ‘நாலா’ என்பார்கள். இந்தப் பாதையில் சிக்கிக்கொள்பவர்கள் பெரும்பாலும் ஓட்டத் தெரியாதவர்கள் அல்ல. எந்தத் திசையில் வருவது, எத்தனை மணிக்குக் கிளம்புவது என்ற இரண்டையும் தப்பாக முடிவு செய்தவர்கள்.

முதலில் திசை. மணாலியில் பைக் வாடகைக்குக் கிடைக்கிறது என்பதால் பலரும் அங்கிருந்தே நேராகக் காசாவுக்கு ஏறுகிறார்கள். மணாலி சுமார் 2,050 மீட்டர். காசா 3,700-ஐ ஒட்டி. 3,000 மீட்டருக்கு மேல் போனபின் தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள் என்பது மலை மருத்துவர்கள் சொல்லும் பொதுக் கணக்கு. ஒரே பகலில் குன்சும் ஏறி இறங்கி, முந்தைய இரவைவிட 1,600 மீட்டர் கூடுதல் உயரத்தில் படுத்தால் உடம்பு முரண்டு பிடிக்கத்தான் செய்யும். தலைவலி, குமட்டல், தூக்கமின்மை என்று தொடங்கும். மாறாக சிம்லாவிலிருந்து கின்னௌர் வழியே வாருங்கள். கல்பா சுமார் 2,960 மீட்டர், தாபோ 3,280, அப்புறம் காசா. ஏற்றம் படிப்படியாக அமைகிறது. போதாததற்கு, காப் என்ற இடத்தில் ஸ்பிட்டி நதி சட்லஜோடு சேரும் அந்தச் செங்குத்து இடுக்கும் வழியிலேயே கிடைக்கிறது. எவ்வளவு அவசரமாக இருந்தாலும் நிறுத்திப் பார்க்க வேண்டிய இடம் அது. இப்படி வந்தால் குன்சும் உங்கள் கடைசி நாளில்தான் வரும். உடம்பு அதற்குள் பழகியிருக்கும்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. “மணாலி தாழ்வான ஊர்தானே, தலைவலியோடேயே கிளம்பிவிடலாம், போகப் போகச் சரியாகிவிடும்” என்று காசாவில் நினைப்பது ஆபத்து. மணாலிக்கு இறங்குவதற்கு முன் இன்னும் 800 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். காசாவில் படுத்து எழுந்தும் தலைவலி விடவில்லை, வாந்தி வருகிறது, நடந்தால் தள்ளாடுகிறது என்றால் குன்சும் பக்கம் திரும்பவே கூடாது. காசாவில் அரசு மருத்துவமனை இருக்கிறது. அங்கே காட்டிவிட்டு, வந்த வழியே தாபோ, கின்னௌர் என்று கீழே இறங்குவதுதான் வைத்தியம். தள்ளாடுகிற ஆளை பைக் ஓட்டவும் விடாதீர்கள். உயரத்தால் வரும் இந்த நோய்க்குக் கொடுக்கப்படும் டயமாக்ஸ் மாத்திரையை நண்பர் கொடுத்தார் என்று விழுங்க வேண்டாம். ஊரிலேயே மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் கட்டாயம் அதை அவரிடம் சொல்ல வேண்டும். முந்தின இரவு மது வேண்டவே வேண்டாம்.

அடுத்தது நேரம். நாலாக்களில் ஓடுவது மேலே இருக்கும் பனியின் தண்ணீர். வெயில் ஏற ஏறப் பனி உருகும். உருகியது சாலைவரை வந்து சேரச் சில மணி நேரம் ஆகும். அதனால் விடியற்காலையில் கணுக்காலளவு ஓடிய அதே ஓடை பிற்பகலில் முழங்காலைத் தொடும். இழுக்கும் வேகமும் கூடும். அதற்குள் தண்ணீர் கலங்கிவிடுவதால் அடியில் என்ன கல் கிடக்கிறது என்றும் தெரியாது. காசாவில் காலை 5 மணிக்குக் கிளம்பினால் வழியிலுள்ள லோசர் கிராமத்தில் தேநீர் குடித்துவிட்டு, குன்சும் தாண்டி, ஒன்பதரை பத்துக்குப் பாதலில் இருக்கலாம். நாலாக்களை நடுப்பகலுக்குள் முடித்துவிடலாம். எட்டு மணிக்குச் சாப்பிட்டுக் கிளம்புபவர்கள் அதே ஓடைகளை அவற்றின் மோசமான நேரத்தில் சந்திக்கிறார்கள்.

கிளம்புவதைத் தாமதப்படுத்துவது பெரும்பாலும் ஆசைதான். காசாவுக்குப் பக்கத்திலுள்ள கீ மடாலயம், கிப்பர் கிராமம், சிச்சம் பாலம் எல்லாவற்றையும் அன்று காலையே பார்த்துவிட்டுப் போகலாம் என்று தோன்றும். சிச்சம் பாலம் நிற்கும் அந்த இடுக்கு பார்க்க வேண்டியதுதான். ஆனால் அதற்கு முந்தின நாளை ஒதுக்குங்கள். பாதலுக்குச் சற்று முன் பிரியும் சந்திரதால் ஏரியும் அப்படியே. போக மட்டும் 12 கிலோமீட்டருக்கு மேல் கரடுமுரடான ஒற்றைத் தடம். அதை இந்தப் பகலுக்குள் திணித்தால் நாலாக்களுக்கு மாலையில்தான் வந்து சேருவீர்கள். ஏரிப் பக்கம் கூடாரத்தில் தங்குவதென்றால் வானிலையைப் பார்த்துக்கொள்ளுங்கள். 2023 ஜூலையில் பனி கொட்டி, அங்கே சிக்கிய ஏறத்தாழ 300 பேரைப் பல நாள் போராடி மீட்டார்கள். கோடைதானே என்று மெத்தனமாக இருக்க முடியாத இடம். என்னைக் கேட்டால் செப்டம்பர்தான் நல்ல மாதம்: தண்ணீர் குறைந்திருக்கும், மணாலிப் பக்கத்து மழையும் ஓய்ந்துகொண்டிருக்கும்.

சரி, நாலா வந்துவிட்டது. வந்த வேகத்தில் இறங்குவதுதான் பெரிய தவறு. வண்டியை நிறுத்துங்கள். இரண்டு நிமிடம் பாருங்கள். டெம்போவோ ஜீப்போ போனால் அதன் சக்கரம் எந்தத் தடத்தில் போகிறது, எவ்வளவு மூழ்குகிறது என்று கவனியுங்கள். தண்ணீர் நுரைத்துச் சிதறும் இடத்தில் பெரும்பாலும் கல் மேலாக இருக்கும். கண்ணாடிபோல் அமைதியாகத் தெரியும் இடம் ஆழமாக இருக்கலாம். சாலையின் பள்ளத்தாக்கு ஓரத்தில் தண்ணீர் கீழே விழுந்துகொண்டிருக்கும், அந்தப் பக்கம் ஒதுங்கவே கூடாது. பின்சீட்டில் இருப்பவரை இறக்கி, வழி இருந்தால் கல் மேல் நடந்து வரச் சொல்லுங்கள்.

இறங்கியபின் முதல் கியர், சீரான ஆக்சிலேட்டர். பயந்து நடுவில் விட்டுவிட்டால் வண்டி நிற்கும். நின்றால் நீரின் இழுப்பு சக்கரத்தைத் தள்ளும். பார்வை முன் சக்கரத்தில் இருக்கக்கூடாது, கரையேறும் இடத்தில் இருக்க வேண்டும். ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்காதீர்கள். உருண்டைக் கல் மேல் முன்சக்கரம் அங்கும் இங்கும் ஆடும், கொஞ்சம் ஆடவிட்டால் தானே நேராகும். முன் பிரேக்கை மறந்துவிடுங்கள். வண்டி சாய்ந்து தண்ணீரில் விழுந்தால் உடனே ஸ்விட்சை அணையுங்கள். தூக்கி நிறுத்திய கையோடு ஸ்டார்ட் செய்வதுதான் இன்ஜினைக் கொல்லும் தவறு. ஏர் ஃபில்டர் வழியாகத் தண்ணீர் உள்ளே போயிருந்தால் பிஸ்டன் அதை அழுத்த முடியாமல் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, தண்ணீரை வெளியேற்றி, ஏர் ஃபில்டரையும் பார்த்த பிறகே முயலுங்கள். கரையேறியதும் பிரேக்கை லேசாகப் பிடித்துப் பிடித்து விட்டால் ஈரம் காயும். நீரில் இறங்கும் நாளில் விலையுயர்ந்த ஷூவைவிட முழங்கால்வரை வரும் சாதாரண கம்பூட்ஸ் மேல். ஈரக் காலோடு அந்தக் குளிரில் ஓட்டினால் கியர் மாற்றுவதே தெரியாமல் மரத்துவிடும்.

டயர் வழுக்குகிறதென்று காற்றைத் தாராளமாக இறக்கிவிடுவதும் வழக்கமான தவறு. ட்யூப் டயர் கூர்கல்லில் அடிபட்டால் ட்யூப் ரிம்மில் நசுங்கி ஒரே அடியில் இரண்டு ஓட்டை விழும். காற்றழுத்தத்தில் சில புள்ளி (psi) குறைத்தால் போதும்.

குன்சும் ஏறும்போது வண்டி இழுக்கவில்லையே என்று பதற வேண்டாம். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ 57 சதவீதம்தான். எனவே இன்ஜின் வலுவில் ஐந்தில் இரண்டு பங்கு போய்விடும். பழைய கார்புரேட்டர் வண்டி பெட்ரோலை அதிகமாகக் குடித்துத் திணறும்; ஃப்யூயல் இன்ஜெக்ஷன் கலவையைச் சரிசெய்துகொள்ளும், ஆனால் இல்லாத ஆக்சிஜனை அதுவும் கொண்டுவர முடியாது. இதை ஈடுகட்ட கிளட்சைப் பாதி பிடித்தபடியே முறுக்கி ஏறுபவர்கள்தான் வழியில் கிளட்ச் பிளேட் கருகி நிற்கிறார்கள். கியரை முன்கூட்டியே குறைத்து, கிளட்சை முழுதாக விட்டு, மெதுவாக ஏறுங்கள். இறக்கத்திலும் அதே கியர். நியூட்ரலில் உருட்டினால் முழுப் பாரமும் பிரேக்கில் விழுந்து, சூடேறி, பிடிக்க வேண்டிய வளைவில் பிடிக்காது.

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளைச் சளைக்காமல் ஏறி இறங்கியவர்கள்கூட இங்கே தடுமாறுவதுண்டு. அங்கே தார்ச்சாலை, வண்டியைச் சாய்த்துத் திருப்பலாம். தளர்ந்த சரளையில் சாய்த்தால் சறுக்கும். எதிரே பஸ் வந்தால் மலைச்சுவர் பக்கம் ஒதுங்கி நில்லுங்கள். வெளி ஓரத்து மண் உங்கள் வண்டியின் பாரத்துக்கே பெயரலாம். ஏறி வரும் வண்டிக்குத்தான் முதல் வழி.

பெட்ரோல் காசாவிலேயே முழு டேங்க். வழியில் பங்க் கிடையாது. கூட்டமாகப் போனால் பஞ்சர் கிட்டும் பம்பும் கடைசியில் வருபவரிடம் இருக்கட்டும். பெரும்பாலான தூரத்துக்கு செல்போன் சிக்னல் கிடைக்காது என்பதால், ஒவ்வொரு நாலாவைத் தாண்டியதும் பின்னால் வருபவர் கரையேறும்வரை முன்னால் போனவர் நிற்க வேண்டும்.

கிராம்ஃபூவிலிருந்து ரோஹ்தாங் கணவாய் மேலே ஏறத் தேவையில்லை; கோக்சர் பக்கம் இறங்கிப் போனால் போதும். 2020 அக்டோபரில் திறந்த 9 கிலோமீட்டர் அடல் சுரங்கப்பாதை நேராக மணாலிப் பக்கம் விடும்.

கடைசியாக ஒன்று. மறுநாள் சண்டிகரில் ரயிலோ விமானமோ பதிவு செய்துவிட்டு இந்தப் பாதையில் இறங்காதீர்கள். பிற்பகலில் பொங்கும் நாலாவில் பலரை இறங்க வைப்பது அந்த டிக்கெட்தான். இரண்டு நாள் இடைவெளி விட்டுப் பதிவு செய்யுங்கள். பாதலுக்கு வந்து சேரும்போதே மணி மூன்று ஆகிவிட்டால் அங்கேயே நின்றுவிடலாம். பருவத்தில் டாபாக்கள் திறந்திருக்கும். சாப்பாடும் படுக்கக் கனத்த ரஜாயும் (பஞ்சுப் போர்வை) கிடைக்கும். காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் தண்ணீர் வடிந்திருக்கும்.